பன்னிரண்டு தசம் இரண்டு

முள்ளியவளையிலிருந்து உள்ளுக்குப் போகும் கிரவல் ரோட்டில் கடைசி மின்கம்பம் அப்போது ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றது. அதற்கு அங்கால் இரண்டு கிலோமீற்றருக்குப் பற்றை, ஒரு உடைந்த மதகு, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து வீடுகள், பிறகு ஒரு வெட்டைவெளி. நான் அங்கே போய்வந்த காலத்தில் அந்த வெட்டையின் நடுவில் ஒரு பழைய லொறி நின்றது. கூப்பிடு தூரத்தில் ஒரு பாலை மரம். அதன் நிழல் ஒரு கலியாணப் பந்தலுக்குக் காணும். லொறி ஒருநாளும் அந்த நிழலுக்குள் நின்றதில்லை. லொறிக்காரர் நிழலில் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார்; லொறி வெயிலில் காயும். அதை இங்கால எடுத்து விடலாமே என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது கேட்பார்கள். அவர் பதில் சொல்லி அலுத்துப்போனவர். கையை மட்டும் மேலே காட்டுவார். லொறியின் கூரையில் ஒரு கதவளவு சோலர் தகடு கிடக்கும்.

அவருக்குப் பெயர் உண்டு. நான் அதை மூன்று கடதாசிகளில் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதப்போவதில்லை. அந்த ரோட்டில் இருந்த எல்லாரையும் போல நானும் அவரை, முஸ்லிம் சனம் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிட்டேன்.

லொறியின் பின்பெட்டிதான் வீடு. ஒரு காலத்தில் உப்பும் வெங்காயமும் ஏற்றிய பெட்டி. அதற்குள் ஒரு பலகைக் கட்டில், கட்டிலுக்குக் கீழே இரண்டு பற்றறி, ஒரு காஸ் அடுப்பு, ஒரு சின்ன ஃபான், இரண்டு பல்ப், பயணப்பெட்டி அளவில் ஒரு பிரிஜ். கதவுக்குப் பக்கத்தில், மற்ற வீடுகளில் மணிக்கூடு மாட்டுகிற இடத்தில், பற்றறியில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீற்றர். வீட்டை விட்டு வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அவர் கண் அதில் பட்டுத்தான் போகும்.

காணி அவருடைய வாப்பா காலத்துக் காணி. வாலிபத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன நேரம், எல்லாச் சனத்தோடும் எழும்பிப் புத்தளம் போனவர், கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகு திரும்பி வந்து பார்த்தபோது கிணறும் வீட்டின் அத்திவாரமும் இருந்தன. வனத் திணைக்களத்தின் வரைபடத்தில் மட்டும் அந்த இடம் காடு என்று பச்சையாகியிருந்தது. வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீரும்வரை கட்டடம் எழுப்பக் கூடாது. ஆனால் ஆள் அங்கே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் விட்டுப் போன காணி என்று ஆகிவிடும். அதனால் லொறியைக் கொண்டுவந்து அத்திவாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். ஆறு சில்லு இருந்தால் அது வீடில்லை, கோட்டுக்கே அது தெரியும் என்பார்.

நான் அப்போது பிரதேச செயலகக் கந்தோரில் பட்டதாரிப் பயிலுநர். பிரதேசத்தில் மின்சாரம் இல்லாத குடும்பங்களின் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. காணிப் பத்திரம் இல்லாதவர்களையும் அதில் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் படிவம் நிரப்புவது என் வேலை. முதல் நாள் மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே பையைத் திறந்தேன். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"இருங்கோ தம்பி. வெயிலுக்குள்ளால வந்திருக்கிறியள். பத்து நிமிசம் இளைப்பாறுங்கோ, பிறகு கதைப்பம்."

அந்தப் பத்து நிமிடமும் அவர் ஒரு சொல் பேசவில்லை. நான் அதை உபசாரம் என்று நினைத்தேன். இரண்டாம் தரம் போனபோதுதான் பற்றறிக்கும் அவர் இதையே செய்வதைக் கண்டேன். பின்னேரம் வெயில் சாய்ந்ததும் எல்லாச் சுவிச்சையும் நிறுத்திவிட்டுக் கட்டில் விளிம்பில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். பத்து நிமிடம் கழித்துத்தான் மீற்றரைப் பார்ப்பார். வேலை செய்யும்போது பார்த்தால் குறைத்துக் காட்டுமாம். வெயிலில் ஏறும்போது பார்த்தால் கூட்டிக் காட்டுமாம். ஓடிவந்து இளைத்துக்கொண்டு நிற்கிறவனிடம் சுகம் கேட்டால் உண்மை வராது என்பார். ஆறிய பிறகு பன்னிரண்டு தசம் ஏழு நின்றால் பற்றறி நிறைவு. பன்னிரண்டு தசம் இரண்டு நின்றால் பாதி. பாதிக்குக் கீழே அவர் இறங்கமாட்டார். அந்த எண் வந்துவிட்டால் ஃபான் நிற்கும், பல்ப் நிற்கும், அவர் சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்து இருப்பார். பிரிஜ் மட்டும் ஓடும்.

ரோட்டில் இதை வைத்து அவரைப் பகிடி பண்ணாத ஆளில்லை. வெள்ளிக்கிழமைகளில் தொழுகைக்குப் போய் வரும் வழியில் கடையில் இறங்குவார். கடைக்கார அண்ணை தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, இண்டைக்கு எத்தினை வோல்ற்று நானா என்று கேட்பார். அவர் பற்றறியைச் சொல்லமாட்டார், தன்னைத்தான் சொல்வார். "பன்னிரண்டு தசம் ரெண்டு. இதுக்குக் கீழ என்னைக் கதைக்க வையாத." கடையில் எல்லாரும் சிரிப்பார்கள். அவர் உண்மையாகவே அதற்குப் பிறகு கதைக்கமாட்டார். அந்த ஆள் எப்போதும் களைத்திருந்தார். விடியப் போனாலும் களைப்பு, மத்தியானமும் அதே களைப்பு. நித்திரையில்லாத களைப்பில்லை, காத்திருந்து வந்த களைப்பு. எனக்கும் அப்போது ஏறக்குறைய அதுதான். நிரந்தர நியமனம் வரும் வரும் என்று இரண்டு வருடம் படிவத்தோடு புழுதி குடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சங்கதி அவரோடு எனக்குக் கொஞ்சநாள் மனக்கசப்பை உண்டாக்கியது. வானம் மூட்டமாய் இருந்த ஒரு நாள் என் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது. கந்தோரிலிருந்து அழைப்பு வரவேண்டியிருந்தது. கொஞ்சம் போடட்டோ நானா என்று கேட்டேன். வன்னியில் யாரும் இதற்கு இல்லை என்று சொல்வதில்லை. ஊர் முழுக்க ஒரேயொரு ஜெனரேற்றரில் இருபது போன் தொங்கிய காலத்தைக் கண்ட சனம். அவர் உள்ளே போய் மீற்றரைப் பார்த்துவிட்டு வந்தார். மன்னிச்சுக்கொள்ளுங்கோ, கடையில போடுங்கோ என்றார். அதே ஆள் எனக்குச் சோறு தந்தவர், பாலைப்பழம் பொறுக்கி ஓலைப் பெட்டியில் போட்டுத் தந்தவர். ஒரு போனுக்கு எவ்வளவு போய்விடும் என்று எனக்குக் கோபம். அவருடைய போனும் நாள் முழுக்க நிறுத்தியே கிடக்கும், பின்னேரத்து அசர் தொழுகைக்குப் பிறகு கால் மணித்தியாலம் மட்டும் உயிர் வரும் என்பதெல்லாம் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

காலையில் போனால் அவர் கூரையில் நின்று ஈரத்துணியால் தகட்டைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒரு மயில் அவருக்கு நித்திய எதிரி. விடிந்ததும் அது லொறிக்கு மேல் ஏறித் தகட்டின் நடுவில் தோகையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கும். தகட்டில் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் முழுத் தகடும் சோர்ந்துவிடும் என்பார். அதற்காகக் கல் எடுத்து எறியமாட்டார். என்னைக் கண்டதும் ஒருநாள் மேலேயிருந்து சொன்னார்: "தம்பி, இது முருகன்ர ஆளெல்லோ. நான் சொன்னாக் கேக்குதில்லை. நீங்கள் ஒருக்கா சொல்லிப் பாருங்கோ." நானும் கீழே நின்று கையைத் தட்டிச் சொல்லிப் பார்த்தேன். அது என்னையும் மதிக்கவில்லை.

பிரிஜ்ஜைப் பற்றி நான் தெரிந்துகொண்டது ஒரு மத்தியானம். வெயில் தாளாமல், கேட்காமலே அதைத் திறந்து தண்ணீர்ப் போத்தலில் கை வைத்தேன். அது குடிக்கிறதுக்கில்லை என்று அவர் பின்னாலிருந்து சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் நான் கையை எடுத்துவிட்டேன். உள்ளே வேறு ஒன்றும் இல்லை. இறைச்சி, பால், மரக்கறி ஒன்றுமில்லை. ஒரு போத்தல் தண்ணீரும் அதன் கழுத்தில் நூலால் கட்டிய ஒரு வெப்பமானியும். நாள் முழுக்க, மாதக்கணக்காக, அந்த ஆள் தன் ஃபானையும் பல்பையும் போனையும் பட்டினி போட்டு ஒரு போத்தல் தண்ணீரைக் குளிராக வைத்திருந்தார்.

ஒத்திகை என்றார்.

அவருடைய மனைவி புத்தளத்தில் மகள் வீட்டில் இருந்தார். சீனி வருத்தம், இரண்டு நேரமும் இன்சுலின் ஊசி. அந்த மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி லொறிக்கு வந்து பத்து நாள் இருந்திருக்கிறார். பங்குனி வெக்கை. பெட்டிக்குள் படுக்க முடியவில்லை. முதல் இரண்டு இரவும் மனைவி வியர்த்துப் புரள்வதைப் பார்த்து, மூன்றாம் இரவு நானா ஃபானைப் போட்டுவிட்டார். விடிய விடிய ஓடவிட்டார். அப்போது அவருக்கு எண் தெரியாது, மீற்றரும் இல்லை. விடியப்புறம் பற்றறி வற்றிப் பிரிஜ் நின்றிருக்கிறது. பகலில் தகரப் பெட்டி அடுப்பாகக் காய, உள்ளே மருந்து வெந்திருக்கிறது. பின்னேரம் வெயிலில் பற்றறி ஏறிப் பிரிஜ் திரும்ப ஓடியது. இரவில் திரும்ப ஃபான். ஒருவருக்கும் தெரியாது. கெட்ட மருந்தையே ஐந்து நாள் இரண்டு நேரமும் குத்தியிருக்கிறார்கள். ஆறாம் நாள் மனைவி கதைத்தபடியே சரிந்துவிட்டார். ஆசுபத்திரியில் எட்டு நாள். மகள் வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது, வாப்பாவோடு கோபிக்கவில்லையாம். அங்க கரண்ட் வந்தாத்தான் இனி உம்மாவை விடுவன் என்று மட்டும் சொன்னாராம்.

"அவவுக்குக் காத்து வேணுமெண்டு போட்டனான்," என்றார் நானா. "காத்து நல்லாத்தான் வந்தது."

அதற்குப் பிறகுதான் மீற்றர் வாங்கியது, இரண்டாவது பற்றறி வாங்கியது, தண்ணீர்ப் போத்தல் வைத்தது எல்லாம். வெயில் காலத்தில் போத்தல் குளிராகவே நிற்கும். மாரியில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் போட்டால் மூன்றாம் நாள் விடிய வெப்பமானி ஏறிவிடும். எதை நிறுத்தினாலும் ஏறிவிடும். அந்த மூன்றாம் நாளை அவரால் தாண்டவே முடியவில்லை. கடைப் பிரிஜ்ஜில் வைக்கலாமே என்று நான் கேட்டேன். அதை அவர் எப்போதோ கேட்டுவிட்டார். கடைக்காரர் ஓம் என்றும் விட்டார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. சோடாவும் ஐஸ்கிறீமும் வைக்கிற இடத்தில், பத்துப்பேர் திறந்து மூடுகிற பிரிஜ்ஜில் உம்மாவின் மருந்தோ என்று கேட்டாராம். நானாவும் அதற்குமேல் வாதாடவில்லை. அவர் தன்னையே நம்பாதபோது கடைக்காரரை எப்படி நம்பச் சொல்வார்.

ஒரு பின்னேரம் நான் நிற்கும்போதே அழைப்பு வந்தது. அவர் போனைக் கதிரையில் வைத்துச் சத்தமாகப் போட்டார். மனைவியின் குரலில் களைப்பே இல்லை. சாப்பிட்டாரா, என்ன கறி, சாரம் தோய்த்தாரா என்று ஒழுங்காக விசாரித்துவிட்டு, உங்கட மூத்த பொஞ்சாதி எப்படி என்று கேட்டார். நானா என்னைப் பார்த்து வெட்கத்தோடு பற்றறியைக் காட்டினார். பன்னிரண்டு தசம் நாலு என்று போனுக்குச் சொன்னார். "அவளைக் கண் கலங்காமல் வைச்சுக்கொள்ளுங்கோ," என்றார் மனைவி. "எனக்கு இஞ்ச கரண்டும் இருக்கு, ஃபானும் இருக்கு. கதைக்கத்தான் ஆளில்லை."  கால் மணித்தியாலம் முடிந்ததும் நானா போனை நிறுத்திவிட்டார்.

அன்றைக்குத்தான் நான் படிவத்தை முடித்தேன். அதைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

எங்கள் வீட்டில் பேனை பிடித்த முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் கைநாட்டு. மீள்குடியேறிய காலத்தில் எங்களுக்கு யாரோ நிரப்பித் தந்த படிவத்தில் ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடந்ததால் கூரைத் தகரம் கிடைக்கவில்லை. இரண்டு மாரி தறப்பாளுக்குக் கீழே இருந்தோம். அதனால் நான் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடுவதில்லை, குறைத்து எழுதுவதுமில்லை. படிவத்தில் மின்சார வசதி என்று ஒரு வரி. உண்டு, இல்லை என்று இரண்டு கட்டம். உண்டெனில் விபரம் என்று கீழே இடம். நான் உண்டு என்று அடையாளமிட்டேன். தகட்டின் அளவு, பற்றறி இரண்டு, மீற்றர், பிரிஜ், அவர் எப்படிப் பாதிக்குக் கீழே இறங்காமல் காப்பாற்றுகிறார் என்பது எல்லாவற்றையும் அழகான எழுத்தில் நாலு வரி எழுதினேன். அந்த மனிதர் செய்த காரியம் ஒரு அரசாங்கக் கடதாசியிலாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அவருக்கு வாசித்தும் காட்டினேன். அவர் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது.

"இவ்வளவும் எழுதவேணுமோ தம்பி?" என்றார்.

"உள்ளதை எழுதினாப் பின்னுக்குப் பிரச்சினை வராது நானா," என்றேன்.

கையெழுத்து வைத்தார்.

ஆடி மாதம் பட்டியல் வந்து கந்தோர்ப் பலகையில் ஒட்டினார்கள். அந்த ரோட்டின் ஐந்து வீடும் இருந்தது. அவர் பெயர் இல்லை. நான் இரண்டு தரம் விரலால் கீறிக்கொண்டு வாசித்தேன். மேசையில் இருந்த எழுதுவினைஞர் கோவையை எடுத்துக் காட்டி, கரண்ட் உண்டு எண்டு நீர்தானே வடிவா எழுதியிருக்கிறீர் என்றார். அதில் பிழை பிடிக்க ஒன்றும் இல்லை. மின்சாரம் இல்லாதவர்களின் பட்டியல் அது. அவரிடம் மின்சாரம் இருக்கிறது என்று சாட்சி சொன்னது நான். அந்தக் கோவையிலேயே என் எழுத்துத்தான் வடிவாக இருந்தது. பிறகு கம்பங்கள் வந்து இறங்கி, மதகு தாண்டி, ஐந்தாவது வீட்டு வேலியோடு நின்றன. அங்கிருந்து லொறி தெரியும்.

எழுதுவினைஞர் கெட்டவரில்லை. பட்டியல் ஒட்டிய அன்றைக்கே வழியும் அவர்தான் சொன்னார். ஒருநாளைக்குத் தகட்டையும் பற்றறியையும் கழற்றி மறைத்துவிட்டு ஒரு படம் எடுத்து, முதல் இருந்தது பழுதாகிவிட்டது என்று புதுப் படிவம் தந்தால் அடுத்த பட்டியலில் போட்டுவிடலாம். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய் இறங்கியதும் அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். நான் இளைப்பாறவில்லை. எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினேன், என் பிழையையும், எழுதுவினைஞரின் வழியையும்.

அவர் கம்பம் வரப்போகும் பக்கத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"கழட்டலாம். நாலு நட்டு," என்றார். "ஆனா தம்பி, இருக்கு எண்டு ஒரு கையெழுத்து வைச்சிட்டன். இப்ப இல்லையெண்டு இன்னொண்டு வைச்சா, கோட்டில இது என்ர வாப்பான்ர காணி எண்டு வைச்ச கையெழுத்தை ஆர் நம்புவினம்? என்னட்டை இருக்கிறது அந்த ஒரு கையெழுத்துத்தான்."

அப்படியென்றால் நான்தான் எழுதவேண்டும் என்று எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் மூன்று நாள் எழுதவில்லை. நியமனம் உறுதியாகாத ஆள் தன் பிழையைத் தானே எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கூடப் படித்த ஒருவனிடம் கேட்டேன். உனக்கு விசர் பிடிச்சிட்டுதோ என்றான். நாலாம் நாள் எழுதினேன். கம்பி வழி இணைப்பு இல்லை, சொந்தத் தகடு மட்டும் உண்டு, கேள்வியை நான் பிழையாக விளங்கியதால் அந்தக் குடும்பம் விடுபட்டது, என் பொறுப்பு. எங்கள் பகுதிக்குப் பொறுப்பான மிஸ் அதை வாசித்துவிட்டு நெற்றியைத் தடவினார். திட்டவில்லை. கேள்வி கம்பியைப் பற்றியதுதான், இதை உமக்கு முதலே ஒருத்தரும் சொல்லித் தரேல்லையா என்றார். ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறு பார்வைக்கு ஆள் அனுப்ப ஒப்பம் போட்டார்.

ஆட்கள் போன அன்று லொறி அங்கே இல்லை.

அதற்கு முதல் நாள் மகளிடமிருந்து அழைப்பு வந்திருக்கிறது. மனைவிக்குத் திரும்பச் சீனி ஏறி ஆசுபத்திரியில். நானா அந்தக் கால் மணித்தியாலத்துக்குள் வீட்டையே ஓட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். வீடு போனால் வெட்டையில் என்ன மிச்சம்? கிணறு, அத்திவாரம், பாலை மரம், சில்லுத் தடம். பார்க்க வந்தவர்கள் வசிப்பவர் எவரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் எழுதியதும் உண்மை. என் கடிதம் போகாமல் இருந்திருந்தால் அந்தக் கடதாசி பிறந்தேயிராது. விட்டுப் போன காணி என்பதற்கு வழக்கில் அது சாட்சியாகிவிடும் என்று பயந்து மிஸ்ஸிடம் திரும்பப் போய் நின்றேன். அவர் ஒரு புதுப் படிவத்தை நீட்டி, இதோட முடியோணும், ஆள் வந்த பிறகு நீரே போய்ப் பாத்து எழுதும் என்றார். மாத முடிவில் எனக்கு வவுனியாவுக்கு மாற்றம் என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

பதினொரு நாள் கழித்து லொறி வந்துவிட்டது என்று கடைக்கார அண்ணை போன் எடுத்துச் சொன்னார். இன்னொரு செய்தியும் இருக்கு, வந்து பாரும் என்றார்.

நான் போனபோது பாலை மரத்தின் கீழே இரண்டு கதிரை. ஒன்றில் ஒரு பெண், தலையில் முக்காடு, மடியில் வெங்காயத் தட்டு. மெலிந்திருந்தார். ஆனால் போனில் கேட்ட அதே குரல். நீங்கள்தானோ வடிவா எழுதுற தம்பி என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நானா லொறிக்குப் பக்கத்தில் நின்றார், கிட்ட வரவில்லை.

தான் வந்த கதையை மனைவியே சொன்னார். நானா சொல்லக்கூடிய நிலையில் இல்லை. கரண்ட் இருந்த வீட்டில், பிரிஜ் இருந்த வீட்டில், மகள் பக்கத்தில் இருக்கவே விழுந்திருக்கிறார். ஆசுபத்திரியில் கண் முழித்ததும் முதல் வந்த யோசனை அதுதானாம்: இஞ்சயும் விழுகிறன், அங்கயும் விழுந்தனான், அப்ப அங்கயே இருக்கலாமே. மகள் அழுதிருக்கிறார். நானா மகளின் பக்கம் நின்றிருக்கிறார். மூன்றாம் நாள் மூட்டத்தைப் பற்றி, வெப்பமானியைப் பற்றி, கம்பம் இன்னும் வரவில்லை என்பதைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறார். மனைவி ஆசுபத்திரிப் பையோடு போய் லொறியின் முன்சீற்றில் ஏறி இருந்துவிட்டார்.

"கம்பம் வரட்டும் எண்டு பாத்தா, தம்பி, என்னைக் குழிக்குள்ள இறக்கேக்கதான் வரும்," என்றார். "மருந்தில பாதி கடையில. அந்த அண்ணை தனித் தட்டு ஒதுக்கித் தந்திட்டார், பிள்ளையளைத் தொட விடமாட்டாராம். பாதி இஞ்ச. இது கெட்டா அது இருக்கு. உங்கட நானா ரெண்டு வருசமாச் செய்த கணக்கு இதுதான். எனக்கு அரை நாள் பிடிச்சுது."

நானா தரையைப் பார்த்தார். 

நான் படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினேன். கம்பி வழி இணைப்பு, இல்லை. வேறு வசதி, சோலர் தகடு ஒன்று. அதற்குமேல் ஒரு சொல்லும் எழுதவில்லை. வசிக்கும் அங்கத்தவர் என்ற கட்டத்தில் பழைய பழக்கத்தில் ஒன்று என்று போட்டிருந்தேன். மனைவி எழும்பி வந்து தோளுக்கு மேலால் பார்த்தார். எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார்.

"அதென்ன ஒண்டு?"

"மாத்துறன் அம்மா."

"ரெண்டாக்குங்கோ. எனக்குத் தெரியிற மாதிரி எழுதுங்கோ."

வெட்டி, இரண்டு என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, பக்கத்தில் என் சுருக்கொப்பத்தை வைத்தேன். நானா வந்து கையெழுத்து வைத்தார்.  மனைவி தானும் வைப்பேன் என்றார். அதற்குக் கட்டம் இல்லை, ஓரத்தில் வைத்தார்.

புறப்படும்போது நானா என்னோடு மோட்டார் சைக்கிள்வரை வந்தார். மனைவிக்குக் கேட்காத தூரத்துக்கு வந்ததும் நின்றார். மேற்கே மழை மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என் பையைப் பார்த்தார்.

"ரெண்டு எண்டது பேனையாலதானே எழுதினனீங்கள்?"

"ஓம் நானா. பேனையாலதான்."

"அப்ப இனி அழிக்கேலாது," என்றார்.

அவர் கை என் மோட்டார் சைக்கிளின் சீற்றில் இருந்தது. அதை எடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் அதுவரைக்கும் ஸ்ராட் பண்ணவில்லை.